விக்டிம் பிளேமிங்: பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

அடிபட்டு வந்தவரைப் பார்த்து "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்கிறோமே, அதற்குத்தான் விக்டிம் பிளேமிங் என்று பெயர்.

'விக்டிம்' லத்தீனில் 'விக்டிமா'விலிருந்து வந்தது. தெய்வத்துக்கு வெட்டும் விலங்கு என்று பொருள். நம் பலியாடுதான். ஆட்டைப் பார்த்து யாரும் "ஏன் கொழுத்தாய்?" என்று கேட்பதில்லை என்பது வேறு விஷயம். இந்தத் தொடரைப் பரவலாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ரையன். 1971இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே 'பிளேமிங் த விக்டிம்'தான். அவர் பேசியது வறுமையைப் பற்றி. கறுப்பின மக்களின் ஏழ்மைக்கு அவர்கள் குடும்ப அமைப்பையே காரணம் காட்டும் போக்கைச் சாடினார். பாலியல் குற்றங்களைப் பேசுகிறவர்கள் அதே தொடரை எடுத்துக்கொண்டார்கள்.

2014 ஆகஸ்ட் கடைசியில் ஹாலிவுட் நடிகைகள் பலரின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. போலி மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறித்து, அவர்களின் சொந்தக் கணக்குகளில் இருந்து திருடியவை. அடுத்த மாதமே, ஐரோப்பிய ஆணையத்தில் டிஜிட்டல் துறைக்கு வரவிருந்த குந்தர் ஓட்டிங்கர், நிர்வாணப் படம் எடுத்து இணையத்தில் போடுகிற முட்டாள்களை நாங்கள் காப்பாற்ற முடியாது என்கிற பொருளில் பேசினார். அவர்கள் எங்கே போட்டார்கள்? பூட்டிய பீரோவை உடைத்துத் திருடிப்போனால், நகையைத் தெருவில் வைத்தது யார் தப்பு என்று கேட்பதுபோல இருந்தது அது.

நம் பேச்சிலும் இது இருக்கிறது. "ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா?" என்பது என்னவாம்? 'படம் கசிந்தது' என்ற வினையையும் கவனியுங்கள். ஓட்டைப் பானையில் நீர் கசிகிற மாதிரி, செய்தவனே இல்லை. 'கசியவிட்டான்' என்று எழுதினால்தான் ஆள் தெரிகிறான்.

சரி, கவனமாக இரு என்றே சொல்லக்கூடாதா? சொல்லலாம், முன்னால். கடவுச்சொல்லோடு இரண்டாவது பூட்டும் போட்டு வை என்பது அறிவுரை. படம் வெளியான பிறகு அதையே சொன்னால் பழி. படத்தை வைத்து மிரட்டுகிறவனின் முதலீடே அந்தப் பழிதான். 'வெளியே சொன்னால் உன்னைத்தான் திட்டுவார்கள்' என்ற தைரியத்தில்தான் அவன் பணம் கேட்கிறான். அதற்குப் பயந்துதான் பலர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக்கூட அழைப்பதில்லை. சட்டமோ இந்த இடத்தில் தெளிவு. ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்கு அனுப்பச் சம்மதிக்காதபோது அனுப்புவது குற்றம். 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354சி பிரிவு அப்படிச் சொன்னது; இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு.

தமிழில் என்ன சொல்வது? 'பாதிக்கப்பட்டோரைப் பழித்தல்' என்று எழுதுகிறார்கள். பழித்தல் என்றால் இகழ்தல். இங்கே நடப்பது இகழ்ச்சி மட்டுமல்ல, ஒருவன் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டுவது. 'பழிமாற்று' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அலுவலகத்தில் மேலாளர் செய்வதற்கும் பொருந்திவிடும். 'பாதிக்கப்பட்டவர்மேல் பழிபோடுதல்' நீளம்தான். நான் அதையே எழுதுகிறேன்.