சிங்கிள் டேக், சிங்கிள் ஷாட்: தமிழில் எப்படிச் சொல்வது?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து குறும்படம் எடுக்கக் கிளம்பும்போது “நாங்க சிங்கிள் டேக்ல பண்றோம் சார்” என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம். கேமரா ஓட ஆரம்பித்தால் படம் முடியும்வரை நிற்காது, நடுவில் வெட்டும் கிடையாது ஒட்டும் கிடையாது என்பதைத்தான் சொல்ல வருகிறார்கள், புரிகிறது. ஆனால் தமிழ் சினிமாப் படப்பிடிப்புத் தளத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. முதல் தடவையிலேயே ஓகே ஆகிவிட்டால் அது சிங்கிள் டேக். ஒரு நடிகரை “சிங்கிள் டேக் ஆர்ட்டிஸ்ட்” என்றால் அவரைத் திரும்பத் திரும்ப நடிக்க வைக்க வேண்டியதில்லை என்று அர்த்தம்; அவர் நடித்த அந்த ஷாட் வெறும் எட்டு விநாடியாகக்கூட இருக்கலாம்.

ஷாட், டேக் இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்வோம். கேமரா ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை வெட்டில்லாமல் பதிவாவது ஷாட். அந்த ஒரே ஷாட்டை எடுக்கச் செய்கிற ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக். கிளாப் போர்டில் சீன், ஷாட், டேக் என்று தனித்தனிக் கட்டம் இருப்பது இதனால்தான்: நடிகர் வசனத்தை மறந்தாலோ ஃபோகஸ் போனாலோ சீன் எண்ணும் ஷாட் எண்ணும் அப்படியே நிற்கும், டேக் எண் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும். கெட்டுப்போனதை என்.ஜி. (‘நோ குட்’, தேறவில்லை) என்று குறித்துக்கொண்டு “ஒன் மோர்” என்று குரல் கொடுப்பார்கள். “அந்த ஒரு வசனத்துக்குப் பத்து டேக் வாங்கிட்டார்” என்று சொல்கிறோமே, ‘டேக் வாங்குவது’ என்ற அந்தப் பிரயோகமே டேக் என்றால் முயற்சிக்கணக்கு என்பதைக் காட்டிவிடுகிறது.

இப்படிப் பார்த்தால் வெட்டில்லாமல் எடுத்த பெரிய படங்கள் பலவும் சிங்கிள் டேக் படங்களே அல்ல. அலெக்சாந்தர் சொகூரவ் இயக்கிய ‘ரஷ்யன் ஆர்க்’ 2001 டிசம்பர் 23 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில், சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும் ஒரே ஷாட்டாகப் பதிவானது. ஒளிப்பதிவாளர் டில்மன் பூட்னர், நடக்கும்போது படம் குலுங்காமல் தாங்கும் ஸ்டெடிகேமை உடம்பில் கட்டிக்கொண்டு கூடம் கூடமாக நடந்தார், ஆயிரக்கணக்கான நடிகர்கள் தத்தம் இடத்தில் காத்திருந்தார்கள், அருங்காட்சியகமோ கிடைத்தது ஒரே ஒரு நாளுக்கு. அப்படியும் மூன்று முயற்சிகள் தடைபட்டு நான்காவதுதான் படமாயிற்று. 2015-இல் வந்த ஜெர்மானியப் படம் ‘விக்டோரியா’ இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெர்லின் தெருக்களிலும் மாடிகளிலும் ஓடுகிறது. மூன்று தடவை முழுதாக எடுத்து, மூன்றாவதை வெளியிட்டார்கள். இவ்வளவு நீளமான படத்துக்குத் திரைக்கதை சுமார் 12 பக்கம்தான், வசனத்தின் பெரும்பகுதி நடிகர்கள் அங்கேயே பேசியது. தமிழில் 2014-இல் ‘அகடம்’ இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய ஒரே ஷாட்டாக வந்தது. 2022-இல் பார்த்திபனின் ‘இரவின் நிழல்’ வந்தபோது, முன்பின்னாகத் தாவும் கதையை ஒரே ஷாட்டில் எப்படிச் சாதித்தார்கள் என்பதையும் திரையிலேயே காட்டினார்கள். அது நல்ல யோசனை என்று நினைக்கிறேன், ஏனென்றால் எடுத்த விதம் தெரிந்து பார்க்கும்போது கண் வேறு இடங்களைத் தேடுகிறது.

சரி, இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? ஷாட் என்பது எய்தல், சுடுதல் என்ற பொருளுள்ள ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. குறிபார்க்க நேரமில்லாமல் சட்டென்று சுடுவதை வேட்டைக்காரர்கள் ஸ்னாப்ஷாட் என்று சொல்லிவந்தார்கள், அதை 1860-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் ஒளிப்படத்துக்குக் கொண்டுவந்தார். 1882-இல் பிரெஞ்சு அறிவியலாளர் மாரே, பறவைகளின் சிறகசைவைப் பதிய விநாடிக்கு 12 படம் எடுக்கும் கருவியைத் துப்பாக்கி வடிவத்திலேயே செய்தார். டேக் என்பது பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வினை. ‘எடு’, ‘பற்று’ என்று பொருள். நாமும் ‘படம் எடுத்தோம்’ என்கிறோம், ‘படம் பிடித்தோம்’ என்கிறோம், அந்தப் பிடித்தலிலிருந்துதான் ‘படப்பிடிப்பு’ கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் பிளான்-செகான்ஸ் என்று ஒரு சொல் உண்டு, ஒரு முழுக் காட்சித்தொடரையும் ஒரே ஷாட்டில் அடக்குவது என்று பொருள். முயற்சியை எண்ணாமல் பதிவின் தன்மையைச் சொல்வதால், இங்கே பேசுகிற மூன்று அயல்சொற்களில் எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

சிங்கிள் டேக் என்ற சொல்லின் பின்னால் பணக்கணக்கும் இருந்தது. 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 1000 அடி ரோல் 11 நிமிடத்தில் தீர்ந்துபோகும். 1948-இல் ஹிட்ச்காக் ‘ரோப்’ படத்தை வெட்டே இல்லாததுபோல் காட்ட நினைத்தும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது, சில இடங்களில் நடிகரின் கோட்டு முதுகைக் கேமரா நெருங்கித் திரை இருளும் நொடியில் ரோல் மாற்றத்தை ஒளித்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு என்.ஜி.யும் காசு, ஒரே டேக்கில் முடிக்கிற நடிகருக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததில் வியப்பில்லை. இன்றைக்கு மெமரி கார்டில் டேக்குக்குச் செலவில்லை, சொல்லும் அதன் பெருமையும் மட்டும் தங்கிவிட்டன.

தமிழுக்கு வருவோம். டேக்குக்கு ‘எடுப்பு’ என்பதே போதும். எடு என்பதற்கு உயர்த்துதல், தூக்கிவிடுதல் என்ற பொருள் பழையது, 15-ஆவது குறளில் மழையைப் பற்றி வரும் ‘எடுப்பதூஉம்’ அந்தப் பொருள்தான். இசையிலும் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று பல்லவி, அனுபல்லவி, சரணத்தைச் சொல்வதுண்டு, அதனால் கலைக்குப் புதிய சொல்லும் இல்லை. ‘மூன்றாம் எடுப்பு’ என்றால் யாருக்கும் விளங்கும். நீண்ட டேக்குக்கு ‘நீளெடுப்பு’ என்று சொல்லலாம்.

சிக்கல், முழுப்படமும் ஒரே ஷாட்டாக இருப்பதை என்னவென்று சொல்வது என்பதில்தான். ‘ஒற்றை எடுப்பு’ என்றால் ஆங்கிலத்தில் இருக்கும் அதே குழப்பம் தமிழிலும் வந்துவிடும். ‘வெட்டில்லாப் படம்’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தணிக்கையில் வெட்டு வாங்காத படம் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘ஒருமூச்சுப் படம்’ எனக்குப் பிடித்த சொல், காதுக்கும் இதம், அதையும் விட வேண்டியிருக்கிறது. ‘ஒரே மூச்சில் படப்பிடிப்பை முடித்தார்கள்’ என்றால் இடைவெளி விடாமல் ஒரே ஷெட்யூலில் முடித்ததைத்தான் குறிக்கிறோம். அதனால் நான் ‘தொடரெடுப்பு’ என்று எழுதுகிறேன். பிரித்து எழுதினால் தொலைக்காட்சித் தொடர் நினைவுக்கு வரும், சேர்த்து எழுதினால் அந்த மயக்கம் இல்லை. தொடரெடுப்புக் குறும்படம்: கேமரா நிற்காமல் எடுத்த படம், எத்தனையாவது எடுப்பில் தேறியது என்பது வேறு கணக்கு.

சொற்களை இப்படிப் பிரித்துக்கொள்வது மாணவர் குழுவுக்கு நேரடியாக உதவும். சிங்கிள் டேக் என்று மனதில் பதிந்துவிட்டால் ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது, முதல் எடுப்பு கெட்டதும் சோர்ந்துபோய் “கட் வச்சுக்கலாம்” என்று இறங்கிவிடுகிறார்கள். தொடரெடுப்பு என்றால் ஆரம்பத்திலேயே பல எடுப்புக்குத் திட்டம் போடலாம். எட்டு நிமிடப் படம் என்றால் ஒரு எடுப்புக்கு எட்டு நிமிடம் மட்டும் ஆகாது, உடைந்த டம்ளரை மாற்றி வைப்பது, சட்டையில் சிந்திய தேநீருக்கு மாற்றுச் சட்டை, திறந்த கதவு, அணைத்த விளக்கு எல்லாவற்றையும் முதல் நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம்கூடப் பிடிக்கலாம். வெயிலில் எடுக்கிறீர்கள் என்றால் அதற்குள் நிழல் நகர்ந்திருக்கும்.

குழுவில் எடிட்டராகப் பெயர் கொடுத்தவருக்கு வேலையே இல்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டும் மேசையில் செய்ய வேண்டிய வேலை அப்படியே ஒத்திகைக்கு இடம் மாறுகிறது: எங்கே தொய்கிறது, எந்த நடை வீணாக நீள்கிறது, யார் இன்னும் இரண்டு விநாடி முன்னால் உள்ளே வர வேண்டும் என்று கடிகாரத்தோடு நின்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான். இந்த வடிவத்தில் இயக்குநரைவிட அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

ஒத்திகைக்கு முன்பு வீட்டின் அல்லது தாழ்வாரத்தின் வரைபடத்தைத் தாளில் போட்டு, கேமரா போகும் வழியையும் நடிகர் வரும் வழியையும் இரண்டு நிறத்தில் வரைந்துவிடுங்கள், கோடுகள் முட்டும் இடத்தில்தான் யாராவது யார்மேலாவது இடிப்பார்கள். கண்ணாடி, ஜன்னல், பீரோவின் பளபளப்பு எதிலும் குழு தெரியக் கூடாது. போனில் எடுத்தால் ஃபிளைட் மோடு, எக்ஸ்போஷர் லாக் (வெளிச்ச அளவு நடுவில் தானாக மாறாமல் பூட்டுவது), மெமரியில் காலி இடம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவில் எடுத்தால் அது எவ்வளவு நேரம் தொடர்ந்து பதியும் என்று முன்பே ஓட்டிப் பாருங்கள், 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நிற்கும் கேமராக்கள் நிறைய உண்டு. முப்பது நிமிடம் பதிகிற கருவியை ஐரோப்பாவில் வீடியோ கேமராவாகக் கணக்கில் எடுத்துக் கூடுதல் சுங்கவரி போட்டார்கள், அதைத் தவிர்க்கக் கேமரா நிறுவனங்கள் வைத்த வரம்பு அது.

அப்புறம் மறைவெட்டு. இருட்டுச் சுவர், சட்டென்று திரும்பும் கேமரா, கடந்துபோகும் ஆளின் முதுகு இவற்றில் வெட்டை ஒளித்து ஒரே ஷாட்போலக் காட்டுவது தவறே இல்லை, ‘பேர்ட்மேன்’, ‘1917’ இரண்டும் அப்படி வந்தவைதான். அப்படிச் செய்திருந்தால் பிராஜெக்ட் அறிக்கையில் ‘மறைவெட்டுப் படம்’ என்று எழுதி எந்தெந்த நிமிடத்தில் வெட்டு என்பதையும் குறியுங்கள். உண்மையிலேயே நிற்காமல் எடுத்திருந்தால் ‘தொடரெடுப்பு, 8 நிமிடம், 6-ஆம் எடுப்பு’ என்று எழுதுங்கள். அந்த ஆறை மறைக்க வேண்டாம், மதிப்பெண் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான்.