பழைய கணினியில் புது மென்பொருள் ஏன் ஓடுவதில்லை?

சித்தப்பாவின் அச்சகத்தில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பிதான். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் தமிழ் எழுத்துருக்களும் பழைய பிரிண்டரும் அந்தக் கணினியோடுதான் ஒத்துப்போகின்றன, மாற்றினால் தொழில் படுத்துவிடும் என்பது அவர் கட்சி. போன மாதம் பிடிஎஃப் கோப்புகளைச் சுருக்கும் இலவச மென்பொருள் ஒன்றை என் லேப்டாப்பில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோனேன். க்ளிக் செய்ததும் 'நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்' என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"வைரஸாடா?" என்றார்.

இல்லை. அதைச் சொன்னது விண்டோஸ். மென்பொருளின் ஒரு கட்டளைகூட அதுவரை ஓடியிருக்கவில்லை.

நாம் க்ளிக் செய்தவுடன் விண்டோஸில் உள்ள லோடர் என்ற பகுதி முதலில் கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கிறது. எந்த எக்ஸ்இ கோப்பும் (விண்டோஸில் மென்பொருளை ஓடவைக்கும் கோப்பு) எம், இசட் என்ற இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் இந்த அமைப்பை வடிவமைத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. அதற்குக் கொஞ்சம் கீழே, 'இந்த புரோகிராம் டாஸில் ஓடாது' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கும். பழைய கணினியில் ஓடாமல் போவது புதுப் பிரச்சினை இல்லை என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி! அதையும் தாண்டி 'பிஇ' (PE) என்ற எழுத்துகள் வரும். அங்கிருந்துதான் உண்மையான விவரங்கள்: எந்த வகை ப்ராசசருக்கானது, குறைந்தது எந்த விண்டோஸ் வேண்டும், உள்ளே எந்தப் பகுதி எத்தனை பைட் நீளம் என்று.

நீளம் பொருந்தாவிட்டால் லோடர் அங்கேயே கையை விரித்துவிடும். எங்கள் கோப்பு அப்படித்தான். தளத்தில் 41 எம்பி என்று போட்டிருந்தது, பென்டிரைவில் 38 எம்பிதான் இருந்தது. இறங்கும்போது நெட் அறுந்திருக்கிறது. மறுபடி முழுசாக இறக்கிக்கொண்டு போனேன்.

அதே பெட்டி, அதே செய்தி.

எக்ஸ்பியிடம் எனக்குள்ள பெரிய குறை இதுதான். கோப்பு பாதியாக இருந்தாலும், 64 பிட் கோப்பாக (ஒரே அடியில் 64 இலக்க பைனரி எண்களைக் கையாளும் ப்ராசசருக்கானது) இருந்தாலும், புது விண்டோஸ் கேட்கும் கோப்பாக இருந்தாலும் ஒரே பாட்டைத்தான் பாடும். எது காரணம் என்று நாம்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகூட வேண்டாம், நோட்பேட் போதும். கோப்பை அதில் திறந்தால் குப்பை கொட்டியது போல எழுத்துகள் வரும். மேலேயே அந்தப் 'பிஇ'யைத் தேடுங்கள். அதை அடுத்து பெரிய 'எல்' தெரிந்தால் 32 பிட். சின்ன 'டி'யும் (d) அதை ஒட்டிச் சிலுவை மாதிரி ஒரு குறியும் தெரிந்தால் 64 பிட். ப்ராசசர் வகையைக் குறிக்கும் இரண்டு பைட்டுகள் நம் கண்ணுக்கு அப்படித் தெரிகின்றன, அவ்வளவுதான். எங்களுக்குச் சிலுவை விழுந்திருந்தது. சித்தப்பாவின் எக்ஸ்பியோ 32 பிட். என் லேப்டாப் 64 பிட் என்பதைப் பார்த்துத் தளமே அந்தக் கோப்பைக் கொடுத்திருக்கிறது.

சரி, 32 பிட் கோப்பை எடுத்து வந்தேன். இந்த முறை வேறு செய்தி: 'கெட் டிக் கவுன்ட்64' என்ற ஒன்று 'கெர்னல்32' டிஎல்எல் கோப்பில் (பல மென்பொருள்களும் பொதுவாகக் கூப்பிடும் வேலைகளை வைத்திருக்கும் கோப்பு) இல்லையாம். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. தலைப்பகுதியைத் தாண்டிவிட்டோம் என்றுதானே அர்த்தம்!

ஒரு மென்பொருள் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. கோப்பைத் திறக்க, திரையில் ஜன்னல் வரைய, மணி கேட்க எல்லாம் விண்டோஸைத்தான் கூப்பிடும். எந்த டிஎல்எல்-லிலிருந்து எது எது வேண்டும் என்று ஒரு பட்டியலைக் கையோடு வைத்திருக்கும். கல்யாணச் சமையல்காரரின் மளிகைச் சீட்டு மாதிரி. ஒரு சாமான் வராவிட்டாலும் அவர் அடுப்பே பற்றவைக்க மாட்டார், அந்தச் சாமான் மறுநாள் பந்திக்கானதாக இருந்தாலும்கூட. கணினியை இயக்கி எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று சொல்வதுதான் 'கெட் டிக் கவுன்ட்64'. எக்ஸ்பியில் இருப்பது இதன் 32 பிட் அண்ணன். அது 49.7 நாளில் எண்ணி முடித்துவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்பதால் எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவில் இந்தப் புதியதைச் சேர்த்தார்கள்.

சித்தப்பா அதற்குள் கம்பாட்டிபிலிட்டி மோடைப் போட்டுப் பார்த்துவிட்டார். அது பழைய மென்பொருளிடம் புது விண்டோஸ் தன் வயதைக் குறைத்துச் சொல்லும் ஏற்பாடு. நம் சிக்கல் தலைகீழ். டிஎல்எல்-ஐ மட்டும் எங்கிருந்தோ இறக்கி ஒட்டுவது அதைவிட மோசம். கெர்னல்32 தனி ஆள் இல்லை, அதற்கு அடியிலிருக்கும் விண்டோஸோடு பின்னிக் கிடப்பது. அந்தத் தளங்களில் வைரஸ் இலவச இணைப்பாகவும் வரும். 'எம்எஸ்விசிபி140 காணவில்லை' என்பது மாதிரி வந்தால் கதை வேறு, அது தனியாக நிறுவக்கூடிய டிஎல்எல்: விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை, உங்கள் விண்டோஸுக்கு ஏற்ற பதிப்பாகப் பார்த்து, மைக்ரோசாஃப்டிலிருந்தே இறக்கிப் போட்டால் சரியாகிவிடும்.

எங்களுக்கு ஒரே வழி பழைய பதிப்பு. மென்பொருளைச் செய்தவர்களின் தளத்திலேயே 2013 பதிப்பு கிடைத்தது. ஓடியது. 2014 ஏப்ரல் 8-உடன் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால் அந்தக் கணினியில் நெட் கனெக்‌ஷன் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"அப்ப இதுலயும் போட்டுவிடு" என்று மூலையில் துணி போர்த்தியிருந்த இன்னொரு பெட்டியைக் காட்டினார். அதிலும் எக்ஸ்பிதான், ஆனால் ப்ராசசர் இன்னும் பழைய பென்டியம் 3. அதே கோப்பைக் க்ளிக் செய்தேன். மணல் கடிகாரம் சுற்றியது, ஜன்னல் தலைகாட்டியது, 'சிக்கல், மூட வேண்டியிருக்கிறது' என்று மூடிக்கொண்டது. விவரத்தில் சி000001டி என்ற எண். ப்ராசசருக்குப் புரியாத கட்டளை வந்தது என்று அர்த்தம்.

எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி 2000-ஆம் ஆண்டுக் கடைசியில் பென்டியம் 4-உடன் வந்தது. ஒரே அடியில் இரண்டு பெரிய தசம எண்களைக் கணக்கிடும். மென்பொருள் உருவாக்கும் மைக்ரோசாஃப்ட் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில் 2012 பதிப்பு முதல் 32 பிட் மென்பொருள்களிலும் இதைக் கேட்காமலே போட ஆரம்பித்தார்கள். மளிகைச் சீட்டில் இது இருக்காது. எந்தக் கட்டளைத் தொகுதி தேவை என்று எழுத எக்ஸ்இ கோப்பின் தலைப்பகுதியில் இடமே கிடையாது. அதனால் லோடர் நல்லெண்ணத்தோடு உள்ளே விடும், ஓடிக்கொண்டிருக்கும்போது விழும். விண்டோஸே இதே வேலையைச் செய்திருக்கிறது: 2018 மார்ச்சில் வந்த விண்டோஸ் 7 அப்டேட், எஸ்எஸ்இ2 இல்லாத கணினிகளை முடக்கியது. சரிசெய்வோம் என்ற மைக்ரோசாஃப்ட், பிறகு ப்ராசசரை மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, எஸ்எஸ்இ2-க்குப் பின் வந்த எஸ்எஸ்இ4.2 தொகுதியைக் கேட்கிறது.

"ராம் போட்டா சரியாகுமா?"

"ஆகாது சித்தப்பா. அதுக்கு அந்தப் பாஷையே தெரியாது."

சரி என்று துணியை எடுத்து மறுபடி போர்த்திவிட்டார்.