வலை ஏன் தொய்வாகத் தொங்க வேண்டும்?

மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றும் காலத்தில் பண்ணவாடிப் பரிசல் துறைக்குப் போனால் இரண்டு காட்சிகள் கிடைக்கும். ஒன்று எல்லோரும் படம் எடுப்பது. 1934-ல் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். இன்னொன்றை யாரும் படம் எடுப்பதில்லை. கரையில் சாய்த்து வைத்த பரிசல்களின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் நான் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "இவ்வளவு மெல்லிசு நூல் எதுக்குங்க? கொஞ்சம் கெட்டியா வாங்குனா அடிக்கடி கிழியாதே?" அவர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "கிழியாதுதான் கண்ணு. மீனும் படாது."

எதையும் மேம்படுத்துவது என்றால் பலப்படுத்துவது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பரிசலில் எடுத்துப் போகும் செவுள் வலைக்கு அது பொருந்தாது. ஏன் என்று புரிய, வலை மீனை எப்படிப் பிடிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

செவுள் வலை மீனைத் தேடிப் போவதில்லை. சாயங்காலம் தண்ணீரில் ஒரு திரை போல விட்டுவிட்டு வந்து விடிகாலையில் எடுக்கிறார்கள். இருட்டில் நீந்திவரும் மீன் வலையின் ஒரு கண்ணுக்குள், அதாவது நூல்களுக்கு நடுவே உள்ள துளைக்குள், தலையை நுழைக்கிறது. தலை போகிறது, உடம்பு போகவில்லை. பின்வாங்கப் பார்த்தால் நூல் செவுள் மூடியின் விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. கணக்காகச் சொன்னால், ஒரு கண்ணை இழுத்துப் பிடித்து அளந்தால் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 20 சென்டிமீட்டர். செவுள் பக்கத்தில் உடம்பின் சுற்றளவு 20-க்குக் கீழேயும், முதுகுத் துடுப்புப் பக்கம் 20-க்கு மேலேயும் இருக்கும் மீன்தான் இதற்கு வாகான மீன். அதைவிடச் சின்னது ஊடுருவிப் போய்விடும். பெரியது முட்டிவிட்டுத் திரும்பிவிடும். ரஷ்ய மீன்வள அறிஞர் பாரனோவ் 1914-லேயே இதற்கு ஒரு விதி சொல்லிவிட்டார்: ஒரு கண் அளவுக்குப் பொருத்தமான மீன் நீளம் ஒன்று உண்டு, அதிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ அந்த மீன் அபூர்வமாகத்தான் மாட்டும். "இந்த வலை ரெண்டு கிலோ கட்லாவுக்கு" என்று துறையில் சொல்வது வெறும் அனுபவம் இல்லை, வடிவியலும்தான்.

இனி நூலின் தடிமன். நூலை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் அதன் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிறது, அறுந்துபோகாமல் தாங்கும் பலமும் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் ஒற்றை இழையின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அதாவது 16 மடங்கு. தங்கூசி என்று நாம் சொல்லும் ஒற்றை இழை நரம்பில் இது அப்பட்டமாகத் தெரியும். மெல்லிய நரம்பு தலைமுடி போலத் துவளும், தடித்தது கம்பி போல நிமிர்ந்து நிற்கும். விறைப்பான கண் மீனின் மேல் படியாது. மூக்கு பட்டவுடனே ஏதோ தடுக்கிறது என்று மீனுக்குத் தெரிந்துவிடும். தண்ணீரின் மெல்லிய அசைவையும் உணர்கிற பக்கக் கோடு என்ற உறுப்பு அதன் உடம்பின் இரண்டு பக்கமும் ஓடுகிறது. நான்கு மடங்கு பலத்துக்கு 16 மடங்கு விறைப்பை விலையாகக் கொடுக்கும் இந்தப் பேரம் யாருக்கும் கட்டுப்படியாகாது. பல மெல்லிய இழைகளை முறுக்கிய நைலான் நூலில் விறைப்பு இவ்வளவு ஏறாது. ஆனால் அந்த இழைகளுக்கு நடுவே சேறும் பாசியும் புகுந்துகொள்ளும்.

நூல் சரி. அதைவிடப் பெரிய விஷயம், அந்த வலையைக் கயிற்றில் எப்படிக் கட்டுகிறோம் என்பது. கடையில் வாங்கிவரும் வலைத்துணியை இழுத்தால் 100 மீட்டர் வரும் என்று கொள்வோம். அதை 100 மீட்டர் கயிற்றில் கட்டினால் கண்ணெல்லாம் மூடிப்போய்க் கோடு கோடாகக் கிடக்கும். ஏறத்தாழ 71 மீட்டர் கயிற்றில் கட்டினால் ஒவ்வொரு கண்ணும் சரியான சதுரமாக விரியும், வலை மறைக்கும் பரப்பு மிக அதிகமாக இருக்கும். வலைத்துணிக்குக் கொடுத்த காசுக்கு முழுப்பலன் இதில்தான் என்று தோன்றும். ஆனால் வழக்கமாக 50 மீட்டர் கயிற்றில்தான் அந்த 100 மீட்டரையும் அடைக்கிறார்கள். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பார்த்தால், அப்போது கண் தன் முழு நீட்டத்தில் பாதி அகலமும் 87 சதவீத உயரமும் கொண்ட நெட்டைச் சாய்சதுரமாகிறது. பரப்பில் சுமார் 13 சதவீதம் போகிறது. கிடைப்பது இரண்டு. கட்லாவும் ரோகுவும் அகலத்தைவிட உயரம் கூடிய உடம்புக்காரர்கள், நெட்டைக் கண் அவற்றுக்கு ஏற்ற சட்டை. அதோடு வலையில் தொய்வு நிற்கிறது. மீன் முட்டும்போது அந்தத் தொய்வு பின்வாங்கி, பிறகு மீனைச் சுற்றிக்கொள்கிறது. முதுகில் முள் வரிசை உள்ள ஜிலேபி, பக்கத்தில் ரம்ப முள் வைத்திருக்கும் கெளுத்தி எல்லாம் செவுளில் மாட்டுவதைவிட இப்படிச் சிக்கித்தான் வருகின்றன. மிச்சம் பிடிப்பதாக நினைத்து வலையை இழுத்துக் கட்டுகிறவர், நீளமான வலையோடு வெறுங்கையாகத் திரும்புவார்.

இந்தத் தொய்வைக் கடைசிவரை கொண்டுபோன வலை ஒன்று மேட்டூரில் உண்டு. ரங்கூன் வலை என்பார்கள். அதற்கு அடிக்கயிறே கிடையாது. மேலே கயிறும் மிதவையும், கீழே ஒன்றுமில்லை, தாவணி போலத் தொங்கும். ஏன் அப்படி? நீர்த்தேக்கத்தின் அடி என்பது கடற்கரை மணல் மாதிரி இல்லை. மூழ்கிய ஊர்களின் கல்லும் கட்டடமும், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளும் அங்கே கிடக்கின்றன. வலையைக் கீழே இழுத்து நிறுத்தக் குண்டு என்னும் எடை கட்டிய அடிக்கயிறு அவற்றில் சிக்கினால் இழுத்துக் கிழிப்பதைத் தவிர வழியில்லை. கயிறில்லாத ஓரம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

குண்டே இல்லாமல் அது எப்படி நேராகத் தொங்குகிறது? தன் எடையிலேதான். இங்கே ஆர்க்கிமிடீசின் கணக்கு வருகிறது. பருத்தி நூலின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஒரு கிலோ பருத்தி வலை தண்ணீருக்குள் 350 கிராம் போல எடை காட்டும். நைலானின் அடர்த்தி 1.14 மட்டுமே, ஒரு கிலோ வலை தண்ணீருக்குள் 125 கிராம்கூட வராது. பருத்தி வலைக்குப் பழகிய கைகள் முதலில் நைலானுக்கு மாறியபோது வலை மூன்றில் ஒரு பங்கு எடைக்கு இளைத்துவிட்டது. மிக மென்மையாகத் தொங்கும், லேசான நீரோட்டத்திலும் மேலே மிதந்து எழும். பச்சை, நீல நிறத்தில் வரும் பாலித்தீன் நூல் இன்னும் ஒரு படி போய் மிதக்கவே செய்யும், அதன் அடர்த்தி 0.95. கயிறாக அது நல்லது, மிதவை குறைவாகப் போதும். அதிலேயே வலையைப் பின்னினால் குண்டு வேண்டியே தீரும்.

குண்டில் ஈயத்துக்கு நிகர் இல்லை. 50 கிராம் ஈயம் தண்ணீருக்குள்ளும் 45 கிராமுக்கு மேல் இழுக்கும். சுட்ட மண்குண்டு அதே இழுப்பைத் தர 90 கிராமாவது இருக்க வேண்டும். தண்ணீருக்குள் இரண்டும் ஒன்றுதான், பரிசலுக்குள் தூக்கிப் போடும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆனால் ஈயம் நஞ்சு. அதைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து குறடு வாங்கிக்கொள்ளுங்கள்.

மிதவைக்கு இரப்பர் செருப்பை வெட்டிக் கட்டுவார்கள், தெர்மகோல் துண்டும் கட்டுவார்கள். மேல்மட்டத்தில் விடும் வலைக்கு இவை நன்றாகவே போதும். மேய்ச்சலில் கட்லா மேல்மட்டத்துக்காரன், ரோகு நடுத்தண்ணீர், மிர்கால் அடிமட்டம். மிர்காலுக்காக அதே வலையை ஆழத்தில் விடும்போதுதான் செருப்பு காலை வாரும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, 20 மீட்டரில் கரையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. நுரைக்குள் இருக்கும் காற்று நசுங்குகிறது, மிதவையின் பருமன் சுருங்குகிறது, தூக்கும் விசையும் அதோடு சேர்ந்து குறைகிறது. திரை போல நிமிர்ந்து நிற்க வேண்டிய வலை அடியில் சுருண்டு படுத்துவிடும். விடிந்து மேலே எடுக்கும்போது இரப்பர் நுரை பெருமளவு பழையபடி உப்பிவிடுவதால், கரையில் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. மீன் இல்லை என்று அணையைத் திட்டிக்கொண்டிருப்போம். காசு போட்டு மாற்றத் தகுந்த ஒரே பொருள் எது என்று என்னைக் கேட்டால், ஆழ வலையின் மிதவை என்பேன். கெட்டிப் பிளாஸ்டிக்கில், உள்ளே காற்று அடைத்து வரும் மிதவை நசுங்காது.

மேல் கயிற்றில் ஒரு சின்னச் சூட்சுமம். ஒரே கயிறாகப் போட்டால், இழுபடும்போது அதன் முறுக்கு பிரியப் பார்த்து மொத்த வலையையும் சுருட்டும். அதனால் வலமுறுக்கு ஒன்றும் இடமுறுக்கு ஒன்றுமாக இரண்டு கயிறுகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒன்றின் திருகலை மற்றொன்று அடக்கிவிடும்.

பராமரிப்பு என்றால் முதலில் வெயில். நைலானைப் பாக்டீரியா தின்னாது. பருத்தி வலைக் காலத்தில் அது பெரிய தலைவலி. துவர்ப்புள்ள மரப்பட்டைச் சாற்றில் வலையை ஊறவைத்து எடுப்பார்கள், தோல் பதனிடுவதும் அதே துவர்ப்புச் சத்தால்தான். நைலானின் எதிரி புறஊதாக் கதிர். அது நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை அங்கங்கே வெட்டுகிறது. மெல்லிய இழைக்கு உள்பகுதி என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் அது சீக்கிரம் போகும். ஈரத்தை உதறி நிழலில் காயப்போட்டாலே வலையின் ஆயுள் கூடும். வலை வெயில் தின்றுவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. மடிப்புக்குள்ளேயே கிடந்த பகுதியிலிருந்து ஒரு நூல், வெளியே கிடந்த பகுதியிலிருந்து ஒரு நூல், இரண்டிலும் ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துப் பாருங்கள். வெளி நூல் சட்டென்று அறுந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான், மேலே மேலே ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

அடுத்தது கழுவுவது. நைலானின் ஒளிவிலகல் எண் 1.53, தண்ணீருக்கு 1.33. வித்தியாசம் இருப்பதால் நூல் முழுக்க மறையாது, ஆனால் மெல்லிய நரம்பு கலங்கல் தண்ணீரில் ஏறக்குறைய மறைந்துவிடும். அதன்மேல் பாசி படிந்தால் இந்த மறைவு போச்சு. நூலும் தடித்துவிடும். விலை கூடிய புது நரம்புக்குப் போவதற்கு முன்னால் இருக்கும் வலையை அலசிப் பார்ப்பது நல்லது.

ஓட்டை விழுந்தால் கிழிந்த இடத்தை அப்படியே இழுத்துக் கட்டக்கூடாது. கட்டினால் அந்த இடத்தில் தொய்வு போய்விடும், கண் அளவும் மாறிவிடும். வலையின் ஒவ்வொரு முடிச்சுக்கும் நான்கு கால், அதாவது அதிலிருந்து பிரிந்து போகும் நான்கு நூல். கத்தரித்துச் சீராக்கும்போது மூன்று கால் மிஞ்சிய ஒரு முடிச்சில் தொடங்கி, அப்படிப்பட்ட இன்னொரு முடிச்சில் முடிகிற மாதிரி வெட்டினால், ஒரே நூலில் வரிசை வரிசையாகப் பின்னி முடித்துவிடலாம். பெரியவர் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது எனக்கு முதலில் விசித்திரமாகத்தான் பட்டது. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலைத் தொட்டுக்கொண்டார். உலர்ந்த நைலான் உராய்வில் சூடேறி அந்த இடத்திலேயே பலவீனப்படும், ஈரம் அதைத் தடுக்கும். தங்கூசி வழுக்கும் என்பதால் அதற்கு மட்டும் இரட்டை முடிச்சு.

கடைசியாகப் பரிசல். மூங்கில் பிளாச்சில் பின்னி, முன்னெல்லாம் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசுகிறார்கள். தார் வெயிலில் இளகும், பழசானால் வெடிக்கும், வெடிப்பில் மறுபடியும் பூச வேண்டும். ஃபைபர் பரிசலுக்குத் தார் வேண்டாம். ஆனால் கல்லில் உரசி மேல்பூச்சு போனால் கண்ணாடி இழைக்குள் தண்ணீர் ஊறும், கீறலை அப்போதைக்கப்போது அடைத்துவிட வேண்டும்.

அதன் அடிப்பாகம் ஏறக்குறைய தட்டையான வட்டம். குறுக்களவு 1.8 மீட்டர் என்றால் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர் சொச்சம். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 25 லிட்டர் தண்ணீரை விலக்குகிறது, அதாவது ஒவ்வொரு 25 கிலோவுக்கும் ஒரு சென்டிமீட்டர். நைலான் முழுக்க ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், இழைகளுக்கு நடுவே தேங்குவது தனி. ஈர வலை, குண்டு, மீன், ஆள் எல்லாம் இந்தச் சென்டிமீட்டர் கணக்கில்தான் ஏறுகின்றன. என் கணக்கு மூன்று சென்டிமீட்டர் என்று தெரிந்த பிறகு, நாளை விடிகாலை வலை எடுக்க நானும் வரட்டுமா என்று அவரிடம் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.