சார்ஜ் ஏறிய பேட்டரிக்குள் பாதி காலியான ஆக்சைடு

தெரிந்தவர் ஒருவர் உப்பிப்போன கைபேசி பேட்டரியை ஆய்வகத்துக்கே எடுத்து வந்துவிட்டார். "ஊசியால் ஒரு குத்துக் குத்தினால் காற்று இறங்கிவிடும் அல்லவா? நேற்றிரவுதான் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றினேன், வீணாகிவிடும்" என்றார். ஊசியைவிட அந்த நூறு சதவீதம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பேட்டரியின் நேர்மின்வாயில் பூசப்படும் கறுப்புத் தூளைச் செய்வது என் வேலை. அதன் பெயர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் இதன் பயனைக் காட்டினார்கள். 1991-இல் சோனி நிறுவனம் இதை வைத்து லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

செய்முறை கேட்பதற்கு எளிது. லித்தியம் கார்பனேட்டையும் கோபால்ட் ஆக்சைடையும் கல்வத்தில் அரைத்து, 850 முதல் 900 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட வேண்டும். அந்தச் சூட்டில் லித்தியம் சிறிது ஆவியாகிவிடும் என்பதால் சில சதவீதம் கூடுதலாகவே போடுவோம். 400 டிகிரியோடு நிறுத்தினால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கில் அமராமல், பேட்டரிக்கு அவ்வளவாக உதவாத தூள்தான் கிடைக்கும். கோபால்ட் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாதவரைக் கல்வத்தின் பக்கம் விடமாட்டேன்.

புதிதாக வருபவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் காற்றில்தான். மூசை (உலையில் வைத்துச் சுடும் கிண்ணம்) நிறையத் தூளை அமுக்கி வைத்துவிடுவார்கள். நாம் போடும் கோபால்ட் ஆக்சைடில் மூன்றில் ஒரு பங்கு கோபால்ட் +2 நிலையில், அதாவது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில், இருக்கிறது. அது ஆக்சிஜனை வாங்கிக்கொண்டுதான் +3 ஆக மாறும். அடியில் கிடக்கும் தூளுக்குக் காற்று எட்டாது. மெல்லிசாகப் பரப்பச் சொல்வது இதனால்தான். ஆக, இது ஆக்சிஜனைக் குடித்துப் பிறக்கும் பொருள்.

குடித்ததைத் திருப்பிக் கக்கவும் செய்யும். கோபால்ட்டும் ஆக்சிஜனும் சேர்ந்த அடுக்குகளுக்கு இடையே லித்தியம் உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் ஏற்றும்போது அது அங்கிருந்து கிளம்பி எதிர்மின்வாயில் உள்ள கிராஃபைட்டுக்குப் போகிறது. முழுவதையும் எடுக்க முடிந்தால் கிராமுக்கு 274 மில்லி ஆம்பியர் மணி கிடைக்கும். வழக்கமான 4.2 வோல்ட் வரம்பில் பாதியோடு, ஏறத்தாழ 140-இல், நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு மேல் உருவினால் அடுக்குகள் குலையும்.

பேட்டரி நிறைந்திருக்கிறது என்றால் ஆக்சைடு பாதி காலி என்று பொருள். லித்தியம் நிறைந்த ஆக்சைடு 900 டிகிரி உலையிலிருந்து அலுங்காமல் வெளிவருகிறது. பாதி காலியானதோ 200 டிகிரியைத் தாண்டும்போதே ஆக்சிஜனை விடத் தொடங்கி, ஒரு பகுதி நாம் கல்வத்தில் போட்ட அதே கோபால்ட் ஆக்சைடாகத் திரும்பிவிடுகிறது. பக்கத்திலேயே, மின்வாய்களுக்கு இடையே லித்தியத்தைக் கடத்தும் திரவமான, தீப்பற்றக்கூடிய மின்பகுளி இருக்கிறது. ஈரத்துணி போட்டு மூடினாலும் இந்தத் தீ எளிதில் அடங்காததற்கு இதுவும் ஒரு காரணம். தனியாக விமானத்தில் அனுப்பும் லித்தியம் அயனி பேட்டரிகளில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று 2016 முதல் விதி இருக்கிறது.

உப்பல் என்பது மின்பகுளி சிதைந்து உண்டான வாயு. ஊசி இறங்கினால் இரண்டு மின்வாய்களும் ஒன்றையொன்று தொட்டுவிடும். அதில் பாயும் மின்சாரத்தின் சூடே 200 டிகிரியை எட்டப் போதும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் வீசாதீர்கள். மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

அவர் கொண்டுவந்ததை மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வைத்து, கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். ஊசியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.