‘அரெஸ்ட் ரெக்கார்ட்’: கைதுப் பதிவா, குற்றப் பதிவா?

அமெரிக்கச் செய்திகளைத் தமிழாக்குகிறவர்கள் ‘அரெஸ்ட் ரெக்கார்ட்’ என்று வந்தால் யோசிக்காமல் ‘குற்றப் பதிவு’ என்று எழுதிவிடுகிறார்கள். இன்னும் சிலர் ‘குற்றப் பின்னணி’ என்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் கிராமப்புறக் கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள உள்ளூர் ஆட்சிப் பிரிவு) ஒன்றைப் பற்றிய குறிப்பில் ‘மாவட்ட முன்பதிவுக் குற்றப் பதிவேடு’ என்று ஒரு தொடரைப் படித்த பிறகு பொறுக்க முடியவில்லை. நான்கு சொற்களில் மூன்று தவறு. அதிலும் ‘குற்றம்’ என்ற சொல் ஒரு மனிதரின் பெயரைக் கெடுக்கிற தவறு.

சொல்லின் பிறப்பை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘அரெஸ்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் மூலத்துக்குத் தடுத்து நிறுத்துதல் என்று பொருள். ‘ரெக்கார்ட்’ இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தது. மீண்டும் மனத்துக்குக் கொண்டுவருவது அதன் முதற்பொருள். இரண்டிலும் குற்றத்தின் சாயல்கூட இல்லை. நம் ‘கைது’ உருது வழியாக வந்த அரபுச் சொல். கையைப் பிடிப்பதால் கைது என்று சிலர் சொல்லும் விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. அரபியில் ‘கைத்’ என்றால் தளை, விலங்கு. ஏட்டில் பதிதல் என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. உருதுவில் அது சிறைவாசம். தமிழில் ‘கைதி’ அந்தச் சிறைப் பொருளிலேயே நிற்க, ‘கைது’ மட்டும் பிடித்து வைக்கும் செயலுக்கு நகர்ந்துவிட்டது.

கைது என்பது காவலர் செய்வது. குற்றம் நடந்ததா என்று தீர்மானிப்பது நீதிமன்றம். இந்த வேறுபாட்டைத் தமிழ் ஏற்கெனவே கவனமாகக் காத்துவைத்திருக்கிறது. தீர்ப்புக்கு முன் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’, பின்புதான் ‘குற்றவாளி’. சிறைக்குள்ளும் ‘விசாரணைக் கைதி’ வேறு, ‘தண்டனைக் கைதி’ வேறு. நம் செய்தித்தாள்களில் ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ என்று படித்தவுடன் காவல்துறை தொடர்ந்து கண்காணிக்கிற ரவுடி நினைவுக்கு வருகிறார். அந்த வாசகர் முன்னால் ‘இவருக்குக் குற்றப் பதிவேடு இருக்கிறது’ என்று எழுதினால் என்ன நினைப்பார்? ஒருமுறை தவறாகப் பிடிக்கப்பட்டு மறுநாளே விடுவிக்கப்பட்டவரும் அந்த ரவுடியின் வரிசையில் போய் நிற்பார்.

‘கைதானால் ஏதோ ஒரு குற்றத்துக்காகத்தானே’ என்று எதிர்த்தரப்பில் வாதிடுகிறார்கள். சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஒருவர் கைது செய்யப்பட்டார் என்பது மட்டுமே அவர் தவறு செய்தார் என்பதற்குச் சான்றாகாது என்ற கருத்தை, ஒரு வழக்கறிஞர் உரிம வழக்கில் 1957-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டது என்பதால் ஊர் திருந்திவிடவில்லை. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1971-இல் ஒருவர் கடைத்திருட்டுக் குற்றச்சாட்டில் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கும் முடியவில்லை. 1972 கிறிஸ்துமஸ் காலத்தில் அப்பகுதிக் காவல்துறை ‘இப்போது இயங்கும் கடைத்திருடர்கள்’ என்று தலைப்பிட்ட தாள்களில் அவர் படத்தையும் போட்டு சுமார் 800 வணிகர்களுக்கு அனுப்பியது. கொஞ்ச நாளிலேயே வழக்கு தள்ளுபடியானது. அவர் நீதி கேட்டுப் போனபோது, பெயர் கெட்டது என்பதற்காக மட்டும் அரசியலமைப்பின் கீழ் நிவாரணம் கிடையாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ‘பால் எதிர் டேவிஸ்’ என்று சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இது. கைதானவர் என்று எழுத வேண்டிய இடத்தில் திருடர் என்று எழுதினார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு நாளும் செய்வது அதையேதான்.

‘வாசகருக்குப் புரிந்தால் போதாதா’ என்றும் கேட்கிறார்கள். சரி, புரிகிறதா என்றே பார்ப்போம். நெடுஞ்சாலையில் போன உறவினர் ஒருவர் டெக்சாஸின் ஏதோ ஒரு சிறிய கவுண்டியில் கைதாகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தார் ‘குற்றப் பதிவு’ என்று தேடினால் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்துக்குத்தான் போய்ச் சேருவார்கள். சிறு கட்டணம் கட்டினால் அங்கே யாருடைய தண்டனை விவரத்தையும் பார்க்கலாம். நேற்றைய கைது அதில் இருக்காது. அவர்கள் தேட வேண்டியது கைதுப் பதிவு. அது கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப்பின் அலுவலகத்தில், கவுண்டிச் சிறையின் பதிவேட்டில் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைக் காவலர் பிடித்திருந்தாலும் பெரும்பாலும் அந்தச் சிறையில்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

பெரிய கவுண்டி என்றால் சிறையில் உள்ளவர் பட்டியல் இணையத்திலேயே இருக்கும். கிராமப்புறத்தில் பல இடங்களில் அது கிடையாது. தொலைபேசியில் அழைத்து முழுப்பெயர், பிறந்த தேதி, கைதான நாள் சொல்லிக் கேட்க வேண்டும். சில கவுண்டிகளுக்குச் சொந்தச் சிறையே இல்லாததால் பக்கத்துக் கவுண்டியில் வைத்திருப்பார்கள். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தகவல் தர மறுத்தால் எழுத்தில் கேட்கலாம். டெக்சாஸ் அரசு விதித்தொகுப்பின் 552-ஆம் அத்தியாயம் கைதானவர், கைது, குற்றச்சாட்டு ஆகியவை பற்றிய அடிப்படைத் தகவலை மறைக்க அனுமதிப்பதில்லை. 1966-இன் கூட்டாட்சித் தகவல் சுதந்திரச் சட்டத்தை மேற்கோள் காட்டி எழுதிப் பயனில்லை. அது வாஷிங்டன் அலுவலகங்களைத்தான் கட்டுப்படுத்தும், கவுண்டியை அல்ல.

வழக்கு பதிவான பிறகே நீதிமன்ற எழுத்தர்களிடம் போக வேண்டும். சிறு குற்றச்சாட்டு என்றால் கவுண்டி எழுத்தர், பெருங்குற்றம் என்றால் டிஸ்ட்ரிக்ட் எழுத்தர். 8,000 பேருக்கும் குறைவான கவுண்டியில் இருவர் வேலையையும் ஒருவரே பார்க்கலாம் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. கைதுக்கு ஓர் இடம், வழக்குக்கு ஓர் இடம், தண்டனைக்கு இன்னோர் இடம். மூன்றையும் ‘குற்றப் பதிவு’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் தேடுகிறவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

‘டிஸ்ட்ரிக்ட்’ என்று அப்படியே எழுதியதற்குக் காரணம் உண்டு. கவுண்டியை ‘மாவட்டம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றில் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்தான் வசித்தார்கள். 64 பேர் உள்ள மாவட்டத்தைத் தமிழ் வாசகர் எப்படிக் கற்பனை செய்வார்? அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே டிஸ்ட்ரிக்ட் என்று நீதிமன்ற எல்லை ஒன்று தனியாக இருப்பது. லவிங், ரீவ்ஸ், வார்டு ஆகிய மூன்று கவுண்டிகளுக்கும் சேர்த்து 143-ஆம் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றம் இருக்கிறது. கவுண்டியும் மாவட்டம், டிஸ்ட்ரிக்டும் மாவட்டம் என்றால் ‘மூன்று மாவட்டங்களுக்கு ஒரு மாவட்ட நீதிமன்றம்’ என்று எழுத வேண்டிவரும். ‘கவுண்டி’ என்றே இருக்கட்டும். நம்மிடம் இல்லாத ஆட்சிப் பிரிவுக்கு நம் பிரிவின் பெயரைச் சூட்டுவது தமிழ்ப் பற்று ஆகாது.

‘புக்கிங்’ என்பதை ‘முன்பதிவு’ என்று எழுதுகிறவர்களிடம் வாதிடவே தோன்றவில்லை. பிடித்து வந்தவரின் பெயர், கைரேகை, படம் எல்லாம் எடுத்துச் சிறையேட்டில் ஏற்றுவது அது. ‘சிறைச்சேர்க்கைப் பதிவு’ என்றால் யாருக்கும் புரியும். டெக்சாஸில் 48 மணி நேரத்துக்குள் கைதானவரை நீதிபதி ஒருவர் முன் நிறுத்த வேண்டும். கிராமப்புறத்தில் பெரும்பாலும் அவர் ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’. இவரை ‘அமைதி நீதிபதி’ என்று புதிதாக உருவாக்குகிறார்கள். இலங்கைத் தமிழில் ‘சமாதான நீதவான்’ என்ற சொல் நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. இலங்கையில் அவரது வேலை வேறு என்றாலும் பெயர் அதே பெயர்தான். கடல் தாண்டி எடுத்துக்கொள்வதில் என்ன தயக்கம்? ‘வாரண்ட்’டுக்கு அவர்களுடைய ‘பிடியாணை’ இங்கேயும் பரவியது நல்லதுதானே.

தனித்தமிழ் அன்பர்கள் ‘கைது’ அரபு என்பதால் ‘தளைப்படுத்தல் பதிவு’, ‘சிறைப்பிடிப்புப் பதிவு’ என்று முன்வைப்பார்கள். அவர்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் சிறைப்பிடித்தல் போர்க்களச் சொல்லாகவும் கடத்தல்காரர் செயலாகவும் காதில் விழுகிறது. தளை என்றாலோ யாப்பு படித்தவர்களுக்கு வெண்டளைதான் முதலில் தோன்றும். பாமரரும் அறிந்த சட்டச் சொல்லை எடுத்துவிட்டு, விளக்கவுரை தேவைப்படும் சொல்லை வைத்தால் யாருக்கு லாபம்?

இன்னொரு குழப்பமும் இந்த ‘குற்றப் பதிவால்’ வருகிறது. வழக்கு தள்ளுபடியானால், சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கைதின் பதிவையே அழிக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். இதைக் ‘குற்றப் பதிவு நீக்கம்’ என்று தமிழாக்கினால், குற்றம் செய்தவர் ஒருவர் தடயத்தை மறைக்கப் பார்க்கிறார் என்றே தொனிக்கும். ‘கைதுப் பதிவு நீக்கம்’ என்று எழுதுங்கள், அந்தக் கறை ஒட்டாது.

எழுதும்போது ஒற்றெழுத்தை விட்டுவிட வேண்டாம். கைது பற்றிய பதிவு என்று விரிவதால் இடையில் ‘ப்’ மிகும்: கைதுப் பதிவு. ஒன்றைக் குறிக்க ‘பதிவு’, அவற்றைத் தொகுத்த ஏட்டுக்குப் ‘பதிவேடு’, நகலாகக் கையில் கிடைக்கும் தாளுக்கு ‘ஆவணம்’.