எந்தப் பஞ்சாங்கத்துத் திதி? எக்ஸ்எம்எல் பெயர்வெளி இயங்கும் விதம்

யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் இரண்டும் புழக்கத்தில் இருப்பதால், ஒரு திதி எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டால் "எந்தப் பஞ்சாங்கப்படி?" என்ற எதிர்க்கேள்வி வருவது வழமை. இரு கணிப்புகளையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் (தரவைக் குறிச்சொற்களுக்குள் இட்டு எழுதும் கோப்பு) சேர்க்க முனைபவருக்கும் இதே சிக்கல்தான்: திதி என்ற பெயரில் இரண்டு உறுப்புகள், அதாவது குறிச்சொல்லிட்ட தரவுத் துண்டுகள், இருக்கையில், எது எதனுடையது?

1998இல் வெளியான எக்ஸ்எம்எல் தரத்தில் இதற்கு விடை இருக்கவில்லை. 1999 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட பெயர்வெளிப் பரிந்துரைதான் அதைத் தந்தது. பெயர்வெளி என்பது ஒரு பெயர் எந்தத் தொகுதிக்கு உரியது என்று காட்டும் அடையாளம். அதன்படி ஓர் உறுப்பின் உண்மையான பெயர் ஒரு சோடி: பெயர்வெளியைக் குறிக்கும் யூஆர்ஐ என்ற அடையாளச் சரம் ஒன்று, திதி என்ற உட்பெயர் மற்றொன்று. யூஆர்ஐ இணைய முகவரி போலத் தோன்றினாலும், அங்கே பக்கம் எதுவும் இருக்கவேண்டியதில்லை. அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும் வெறும் சரம் என்பதால், கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலே வேறு பெயர்வெளி ஆகிவிடும். 'வா:திதி' என்பதில் உள்ள 'வா' என்ற முன்னொட்டு அந்த நீண்ட சரத்துக்கு அந்தக் கோப்பில் மட்டும் வழங்கும் செல்லப்பெயர். (உறுப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிட எக்ஸ்எம்எல் இடமளிக்கிறது; நம்மில் பலர் ஏனோ அதைப் பயன்படுத்துவதில்லை.)

வாக்கியக் கணிப்பையே பின்பற்றும் வீட்டில் 'திதி' என்றாலே வாக்கியத் திதிதான். முன்னொட்டில்லாத இயல்புநிலைப் பெயர்வெளியும் அப்படியே. தாய் உறுப்பில் அறிவித்தால், உள்ளே முன்னொட்டின்றி எழுதப்பட்ட உறுப்புகள் யாவும் அதற்குள் அடங்கும். உறுப்பின் தொடக்கக் குறிச்சொல்லுக்குள் எழுதப்படும் பண்புகளுக்கு மட்டும் இது செல்லாது.

கோப்பைக் கையால் எழுதும்போது தானாக நடக்கும் இந்த அடக்கம், நிரல் வழியாக உறுப்பை உருவாக்கும்போது நடப்பதில்லை என்பதை நான் தாமதமாகவே அறிந்தேன். மைக்ரோசொஃப்டின் நிரலாக்கத் தளமான டொட்நெட்டில் 'நாள்' உறுப்பைப் பெயர்வெளியோடு உருவாக்கி, அதனுள் 'திதி'யை வெறும் பெயரோடு சேர்த்தேன். வெளிவந்த வரி இது; எக்ஸ்எம்எல்என்எஸ் (xmlns) என்பது பெயர்வெளியை அறிவிக்கும் சொல்:

<திதி எக்ஸ்எம்எல்என்எஸ்="">சதுர்த்தி</திதி>

அந்த வெற்று மேற்கோள் குறியை நிரல் நூலகத்தின் கோளாறு என்று எண்ணி, சரமாற்றத்தால் அழிக்கவும் பார்த்தேன். உண்மையில் நூலகம் நேர்மையாகவே நடந்துகொண்டது. உறுப்பின் பெயர்வெளி அது பிறக்கும்போதே தீர்மானிக்கப்படுகிறது. தாயோடு இணைப்பதால் மாறுவதில்லை. நான் பெயர்வெளியில்லாத திதியைக் கேட்டேன். கோப்பில் அது தாயின் பெயர்வெளிக்குள் அகப்படாதிருக்க, நூலகம் அந்த வெற்று அறிவிப்பை இட்டது. பிள்ளை உறுப்புக்கும் அதே பெயர்வெளியைக் கொடுத்து உருவாக்கியதும் வரி சுத்தமாயிற்று.

பைதன் நிரல்மொழியின் எலிமென்ட்ட்ரீ நூலகம் இந்தச் சோடியை ஒளிக்காமல், யூஆர்ஐயை நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டு, அதையடுத்து உட்பெயரை எழுதச் சொல்கிறது. தேடும்போதும் அவ்வாறே எழுதவேண்டும். வெறும் 'திதி' என்று தேடினால் எதுவும் கிடைக்காது. முன்னொட்டைப் பதிவு செய்யாவிட்டால் அது 'என்எஸ்0' என்று தானே ஒன்றைச் சூட்டிவிடும். பார்க்க அழகில்லை, ஆனால் பொருள் துளியும் மாறவில்லை.

கோப்பை நினைவகத்தில் உறுப்புகளின் மரமாக வைக்கும் ஆவண மாதிரியத்தில் (டொம்), பெயர்வெளியை வாங்காத உருவாக்கும் செயற்கூறுக்கு 'வா:திதி' என்ற முழுச்சரத்தையும் கொடுப்பது இன்னும் நயவஞ்சகமான பிழை. அச்சில் சரியாகத் தெரியும். நினைவகத்தில் அதற்குப் பெயர்வெளியே இராது. முன்னொட்டையே பெயராக நம்பும் இதே பிழை வாசிக்கும் நிரலிலும் நேரலாம். அங்கே அதைப் பிடிக்க, கோப்பில் 'வா' என்ற முன்னொட்டை அறிவிப்பு உட்பட எல்லா இடத்திலும் 'க' என்று மாற்றி, வாசிக்கும் நிரலை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். திதி கிடைக்காமல் போனால், எங்கோ ஒரு வரி இன்னும் செல்லப்பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.