நாய்க்கடி ஊசிக்குப் பின்னால் இருந்த செம்மறியாடு

கேரள எல்லையை ஒட்டிய பந்தலூர், கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாய்க்கடி என்று பேச்செடுத்தால், வயதானவர்கள் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகளைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். இதே மலையின் மறுபக்கத்தில், குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம், அந்த ஊசி மருந்தைப் பல பத்தாண்டுகள் செம்மறியாட்டின் மூளையிலிருந்துதான் தயாரித்து வந்தது.

வெறிநோய்க் கிருமி நரம்புத் திசுவில் செழித்துப் பெருகுவது. ஆகவே ஆட்டின் மூளைக்குள் கிருமியைச் செலுத்தி, கால்கள் தள்ளாடி அது படுக்கையில் விழும்வரை காத்திருந்து, பிறகு கொன்று மூளையை எடுத்து அரைத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து மருந்தாக்கினார்கள். அதில் கலந்திருந்த நரம்புறைப் பொருள் (நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்புறை) சிலருக்குக் கைகால் செயலிழப்பையே உண்டாக்கியது. 2004ஆம் ஆண்டின் முடிவோடு இந்தியா இதைக் கைவிட்டதற்கு, ஆட்டின் மேல் கொண்ட இரக்கத்தைவிட மனிதருக்கு நேர்ந்த இந்த ஆபத்தே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அதன் இடத்துக்கு வந்தது வீரோ செல். 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த அந்த உயிரணுக்கள், தக்க ஊட்டக் கரைசலில் வளர்ந்துகொண்டே போவதால், கிருமியைப் பெருக்க ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு விலங்கு தேவைப்படுவதில்லை. (அந்தக் கரைசலில் பெரும்பாலும் கன்றின் குருதிநீர் சேர்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.)

ஆடு விடுபட்டது, சுண்டெலி விடுபடவில்லை. மருந்தின் வீரியத்தை அளக்கும் பழைய சோதனையில், சுண்டெலிகளுக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை தடுப்பூசி போட்டு, முதல் ஊசியிலிருந்து 14ஆம் நாளில் உயிருள்ள கிருமியை நேரே மூளைக்குள் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று பார்ப்பார்கள். நோய் பற்றிய எலியின் மயிர் சிலிர்த்து நிற்கும், முதுகு கூனும், உடல் நடுங்கும், பின்னங்கால்கள் இழுபடும். இந்த அறிகுறிகள் தெரிந்ததும், அது தானாகச் சாகும்வரை விட்டுவைக்காமல், வலியின்றிக் கொன்றுவிடலாம், கணக்கும் பிசகாது. 1959இல் ரசல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் விலங்குச் சோதனைகளுக்கென வகுத்த மாற்றுதல், குறைத்தல், செம்மைப்படுத்துதல் என்ற மூன்று நெறிகளில் இது மூன்றாவது. மருந்திலுள்ள கிருமிப் புரதத்தை அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு ஆய்வகத் தட்டிலேயே அளந்துவிடும் முறை முதலாவது. அது முழுமையாக வழக்கத்துக்கு வந்தால் எலிக்கு அங்கே வேலை இருக்காது.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் 1998இல் வந்த விதிகளும், ஒவ்வொரு ஆய்வு நிலையத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும் என்கின்றன. எத்தனை விலங்குகள், ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, விலங்கில்லாமல் முடியாதா என்று அக்குழு கேட்கிறது. கடைசிக் கேள்விக்கு ‘இதுவரை இப்படித்தான் செய்து வருகிறோம்’ என்பதை விடையாக ஏற்கும் குழு, வெறும் கையெழுத்துக் குழுதான்.